மணியோசைக்குப் பிறகு

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. வீடு கட்டியபோது யாரும் யோசித்து விட்ட இடமில்லை அது. பீரோவின் அகலம் சுவருக்குப் பொருந்தாமல் போனதில் தானாக விழுந்த சந்து. பரந்தாமன் அதற்குள் முதுகைச் சுவரில் அழுத்தி, முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி உட்கார்ந்திருந்தான். தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அடித்தது. அவன் வலது கையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். இந்நேரம் அவன் நாய் மைனா வந்திருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் நகங்கள் சறுக்க ஓடிவந்து, கறுத்த பெரிய தலையை அவன் தொடைக்கும் சுவருக்கும் நடுவே திணித்துக்கொண்டு, காது நுனியிலிருந்து வால் வரைக்கும் நடுங்கும். அந்த நடுக்கம் அவன் விலா எலும்பில் இறங்கிய பிறகுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வரும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட மைனா வரத் தவறியதில்லை.

மணி வீட்டு வாசலைத் தாண்டியது. அடுத்த வீட்டுக் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. மணி ஏரிக்கரைப் பக்கம் திரும்பித் தேய்ந்து அடங்கும்வரை அவன் அசையவில்லை. பிறகு எழுந்து, கால் மரத்துப்போனதில் பீரோவைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தான். மைனா வாசற்படிக்கு உள்ளே வெயில் விழுந்த கட்டத்தில் முன்கால்களின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. மணி போன திசைக்கு ஒரு காது மட்டும் திரும்பியிருந்தது. அவனைப் பார்த்ததும் வாலால் தரையை இரண்டு தட்டு தட்டிவிட்டு, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது.

"மாத்திர மயக்கமா இருக்கும்ங்க" என்றாள் ராணி. அவன் மனைவி. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து ரெண்டு நாள்கூட ஆவல. மைனாவுக்கு ஒடம்பு தேறட்டும்."

அவன் குனிந்து மைனாவின் காதைத் தொட்டுப் பார்த்தான்.

பரந்தாமன் துணை ராணுவப் படையின் நாய்ப் பிரிவில் இருந்தவன். செய்யாறு பக்கத்துக்காரன். படையில் சேர்ந்து, வடக்கே பல முகாம்களில் இருந்து, கடைசியாக ஒரு காட்டு மாநிலத்துக்குப் போனபோது வெடிகுண்டு மோப்பம் பிடிக்கும் மைனாவின் கயிறு அவன் கைக்கு வந்தது. மைனா என்று பெயர் வைத்தது பயிற்சி கொடுத்த இந்திக்காரர். லாப்ரடார் இனம், தார் போன்ற கறுப்பு. அந்தப் படைப்பிரிவில் தமிழ் பேச அவனுக்கு இருந்தது ஒரே ஒருவன், கோவில்பட்டிக்காரன் திருமுருகன். ரோந்து போகும்போது மைனா முன்னால், பரந்தாமன் கயிற்றோடு அதற்குப் பின்னால், அவனுக்குப் பின்னால் திருமுருகன். நடக்கும்போது சத்தம் கூடாது என்பது உத்தரவு. ஆனாலும் திருமுருகன் உதட்டை அசைக்காமல் அவன் பிடரிக்குப் பின்னால் எதையாவது சொல்லிக்கொண்டே வருவான்.

அன்றைக்குக் காலை பாதை சுத்தமாக இருந்தது. மைனா மோந்து மோந்து ஒவ்வொரு அடியையும் சரி என்று சொல்லிக்கொண்டு போனது. பின்னாலிருந்து அந்தக் காட்டுக் கிராமத்துக் கிழவர் ஒருவர் விறகுக் கட்டோடு சைக்கிளில் வந்தார். வழி விடச் சொல்லி இரண்டு முறை மணி அடித்தார். எல்லோரும் பாதை ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டார்கள். திருமுருகன் மட்டும், கட்டு இடிக்குமே என்று, ஒரு எட்டு கூடுதலாகப் பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கினான். "போங்க தாத்தா, போங்க" என்று தமிழிலேயே சொன்னான். கிழவர் சிரித்தபடி கடந்துபோனார். மணிச் சத்தம் மரங்களுக்கு நடுவே இன்னும் முழுதாகக் கரையவில்லை. அப்போதுதான் தரை எழும்பியது.

மைனா மோந்தது பாதையை. கண்ணிவெடி இருந்தது புல்லில். விசாரணையில் அப்படித்தான் எழுதினார்கள், யார் மேலும் தவறில்லை என்றார்கள். திருமுருகன் அங்கேயே முடிந்தான். பரந்தாமனுக்கு ஒரு காது கிழிந்தது. மைனாவின் பின்தொடையில் இரும்புத் துண்டு ஏறியது. இருவரும் தேறி முகாமுக்குத் திரும்பிய மறுநாள், பால்காரர் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மைனா கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஜீப்புக்கு அடியில் புகுந்தது. அதை இழுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடிய பரந்தாமன், தானும் ஜீப்புக்கு அடியில் முழங்கையால் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பிறகுதான் கவனித்தான். வெடிச் சத்தம்கூட அவர்களை அப்படிச் செய்யவில்லை. மணிதான். மணிக்குப் பின்னால் வரப்போவதுதான்.

மைனாவைப் பணிக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். அவனும் விருப்ப ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டு, மைனாவையும் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். செய்யாறில் சைக்கிள்கள் இருந்தன. சென்னைக்கு வெளியே வேப்பம்பட்டில் ராணியின் அண்ணன் மனை வாங்கியிருந்தார். பக்கத்து மனையை இவர்கள் வாங்கினார்கள். அங்கே வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் நின்றது. மின்சார ரயில், கல்லூரி பஸ், தண்ணீர் லாரி. இங்கே யார் சைக்கிள் மணி அடிக்கப் போகிறார்கள் என்று அவன் நம்பினான். பட்டாபிராம் பக்கம் ஒரு குடோனில் காவல் மேற்பார்வை வேலை, விடியற்காலை ஷிப்ட். மதியத்துக்கு மேல் வீடு. வாழ்க்கை ஒருவாறு உட்கார்ந்தது. அப்போதுதான் பஞ்சுமிட்டாய் விற்கும் வேம்புலி அந்தத் தெருவைக் கண்டுபிடித்தான்.

மற்றவர்கள் கைமணி வைத்திருப்பார்கள். வேம்புலி சைக்கிள் மணியையே விடாமல் அடிப்பான். ராணி ஒருமுறை தெருமுனையில் அவனை நிறுத்திச் சொல்லிப் பார்த்தாள்.

"எக்கா, மணி அடிக்கலன்னா நான் வந்துகினு கீறேன்னு பசங்களுக்கு எப்டிக்கா தெரியும்? கூவிகினு போவ எனக்குத் தொண்ட ஏது?" என்றான். ஆனாலும் நல்ல மனுஷன். இவர்கள் வீட்டு வாசலில் மட்டும் சில நாள் அடிக்காமல் போனான். பிறகு மறந்துவிட்டான்.

அப்படி ஆரம்பித்ததுதான் பீரோச் சந்து. சாயங்காலம் மணி கேட்டதும் இருவரும் உள்ளே போய்விடுவார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் அவனுக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு, எப்போது என்று சொல்ல முடியாது, வேறு மாதிரி ஆகிவிட்டது. திருமுருகனின் முகம் மற்ற நேரங்களில் அவனுக்குப் பிடிபடுவதில்லை. கல்யாண ஆல்பத்திலிருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் முகம்போல் மங்கிக்கொண்டே வந்தது. அந்தச் சந்தில் மட்டும், மைனாவின் உடம்பு அவன் மேல் அதிரும்போது, அந்தப் பாதை வந்தது. பிடரிக்குப் பின்னால் அந்தக் குரல் வந்தது. உலகத்தில் அந்த மணியைக் கேட்டவர்களில் அவனோடு மிச்சம் இருந்தது மைனா ஒன்றுதான். அந்தச் சந்தில் அவர்கள் மூன்று பேராக இருந்தார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம் மைனாவுக்கு வலிப்பு வந்தது. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது. வாயில் நுரை, நான்கு கால்களும் காற்றில் ஓடின. அவன் போர்வையில் சுற்றித் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆவடிக்குப் போனான். வழியெல்லாம் அவன் மடியில் அது இழுத்துக்கொண்டே இருந்தது. ஆவடி கிளினிக்கின் கால்நடை மருத்துவர் நிஷா ஊசிமேல் ஊசி போட்டு நிறுத்தியபோது நாற்காலிகளின் நிழல் சுவரில் ஏறியிருந்தது. பிழைத்துக்கொண்டது. பிறகு சென்னைக்குள் கொண்டுபோய் மூளையை ஸ்கேன் எடுத்து வரச் சொன்னாள்.

பீரோச் சந்துக்கு மைனா வராமல் போன இரண்டு நாள் கழித்து, அவன் ஸ்கேன் படத்தோடு கிளினிக்குக்குப் போனான். நிஷா சின்ன வயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பேனா முனையால் தொட்டுக் காட்டினாள்.

"ரெண்டு பக்கமும் சார். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பாதாம் பருப்பு சைஸ்ல. வலிப்பு விடாம அடிச்சதுல இந்த எடம் வெந்துபோன மாதிரி ஆயிடுச்சு."

"அதனால மணி காதுல விழலையா?"

"காது நல்லா கேக்குது. காதத் திருப்புச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க." அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "காலேஜ்ல எங்களுக்குச் சொல்லித் தருவாங்க சார். எலியக் கூண்டுல விட்டு ஒரு சத்தம் கொடுப்பாங்க. அடுத்த செகண்டு கால்ல லேசா ஷாக். நாலஞ்சு தடவ அப்படிப் பண்ணா, அப்புறம் ஷாக்கே வேணாம், சத்தம் கேட்டாலே எலி கல்லு மாதிரி நின்னுடும். அதே எலிக்கு இந்த எடத்த ரெண்டு பக்கமும் சிதைச்சிட்டா, சத்தம் கேக்கும், ஆனா அது பாட்டுக்கு மீசையத் தொடச்சிக்கிட்டுச் சுத்தும். ஷாக் கொடுத்தா மட்டும் துள்ளும். வலி தெரியும். வலி வரப்போவுதுன்னு தெரியாது."

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக, நடுவில் இரண்டு வெளிறிய புள்ளிகள்.

"மாத்திரையால மந்தமா இருக்கான்னு என் வீட்ல சொன்னாங்க."

"பிஸ்கட் டப்பாவத் தட்டினா வருதா?"

"எழுந்து ஓடியாறா. எச்சி ஒழுவுது."

"அப்ப மாத்திரை இல்ல சார். மந்தம்னா அதுக்கும் மந்தமாத்தான் வரணும். சாப்பாட்டு நெனப்பு வேற பாதையில போவுது, அது கெடல."

"திரும்பி வருமா?"

"எது?"

"பயம்."

நிஷா பேனாவை மூடிக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் பயம் போவணும்னுதான் சார் தூக்கிட்டு வருவாங்க" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வராது. புதுசாப் பயப்படக் கத்துக்கறதும் கஷ்டம். அதனால ரோட்டுக்கு விட்டுடாதீங்க. பஸ் ஹாரன் அடிச்சா ஒதுங்காது."

அந்த வெளிறிய இரண்டு புள்ளிக்குள்தான் திருமுருகன் இருந்தானா என்று கேட்க அவன் வாய் வரைக்கும் வந்தது. மாத்திரை எத்தனை வேளை என்று கேட்டுவிட்டு எழுந்தான்.

ராணி விஷயத்தைக் கேட்டுச் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். "அவளாவது தப்பிச்சாளே" என்றாள். அவள் எந்த உள்ளர்த்தமும் இல்லாமல்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது.

அதன்பிறகு சாயங்காலங்கள் மாறிப்போயின. அவன் உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பான். கை பழக்கத்தில் தரையில் விரிந்திருக்கும். வெளியே மைனா கேட் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை வருடம் குழந்தைகளுக்குத் தெரியாமல் இருந்த நாய். இப்போது தெருக் குழந்தைகள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேம்புலிக்கும் ஆச்சரியம். "இன்னாடா, இத்தினி நாளா எங்கடா இருந்த?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பிய்ப்புப் பஞ்சுமிட்டாயைக் கம்பிக்குள் நீட்டினான். மறுநாளும் நீட்டினான். அதற்கு மறுநாளும்.

ஒரு நாள் பரந்தாமன் சந்திலிருந்து வெளியே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருமுனையில்தான் மணி அடித்தது. வேம்புலி இன்னும் கண்ணில் படவில்லை. மைனா துள்ளி எழுந்து கேட்டுக்குப் போனது. வால் இடுப்போடு சேர்ந்து ஆடியது. கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி வெயிலில் மின்னியது. அதே மணி. திருமுருகனைப் புல்லுக்குள் இறக்கிய அதே இரண்டு சத்தம். அது இப்போது மைனாவின் நாக்கில் இனித்தது. அவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். செத்துப்போனவன் இரண்டாம் முறையும் போனதுபோல் இருந்தது. இந்த முறை அவனைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் வேலை முடிந்து வரும் வழியில், பட்டாபிராமில் ஒரு பழைய சைக்கிள் கடைக்குள் போய் மணி ஒன்று கேட்டான். கடைக்காரர் சோதித்துக் காட்டக் கட்டைவிரலை வைத்தபோது, "வேணாம், அடிக்காதீங்க" என்று கத்திவிட்டான். கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். எதற்காக வாங்கினான் என்று அவன் தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பரண்மேல் தீபாவளிக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த வெடிப் பெட்டி இருப்பது அவனுக்குத் தெரியும். யாராவது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று ராணி எடுத்து வைத்திருந்தாள்.

ராணி திருவள்ளூரில் ஒரு வளைகாப்புக்குப் போன மத்தியானம், அவன் மைனாவை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான். படி ஏற அதற்கு மூச்சு வாங்கியது. வயது பத்தைத் தாண்டிவிட்டது. மேலே வெயில் கொளுத்தியது. தண்ணீர்த் தொட்டி நிழலில் மைனா உட்கார்ந்து, என்ன விளையாட்டு என்று கேட்பதுபோல் அவனைப் பார்த்தது. அவன் வெடியின் திரியைத் தூக்கிவிட்டுச் சுவரோரம் வைத்தான். ஊதுவத்தியைப் பற்ற வைத்தான். கைக்குட்டையைப் பிரித்து மணியை எடுத்தான். கட்டைவிரல் அழுத்த மறுத்தது. அவன் விரல்தான். ஆனால் வேறு யாருடைய விரலோ போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். மணி அடித்தது. அந்தச் சத்தம் அடங்குமுன்னே குனிந்து திரியைப் பற்ற வைத்தான்.

வெடித்தது. மைனா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, காதை ஒடுக்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் ஓடியது. அவன் இதயம் ஒரு மகிழ்ச்சியில் அடித்துக்கொண்டது. இப்போது நினைத்தால் கூசும் மகிழ்ச்சி. கொஞ்ச நேரத்தில் மைனா தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது, உடம்பை உதறிக்கொண்டது, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அவன் மறுபடி மணியை அழுத்தினான். மைனா அவன் கையைப் பார்த்தது. நாக்கு வெளியே வந்தது. எச்சில் ஒழுகியது. எங்கே என் இனிப்பு என்று அவன் முட்டியை மூக்கால் தள்ளியது.

மறுபடி வெடி. மறுபடி ஓட்டம். மறுபடி மணி, மறுபடி அதே எச்சில், அதே வால். எத்தனை முறை செய்தான் என்று அவனுக்கு நினைவில்லை. ஒவ்வொரு முறையும் மைனா வெடிக்குப் பயந்தது. ஒருமுறைகூட மணிக்குப் பயப்படவில்லை. அதன் மண்டைக்குள் ஒன்றையும் இன்னொன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு எரிந்துபோயிருந்தது. கடைசியில் வெடி தீர்ந்தபோது, கைப்பிடிச் சுவரின் மூலையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவன்தான். பல் அடித்துக்கொண்டது. கந்தகம் படிந்த அவன் விரல்களை மைனா ஒவ்வொன்றாக நக்கியது. கசந்ததோ என்னவோ, மூக்கைச் சுளித்துக்கொண்டு மீண்டும் நக்கியது.

"வாயில்லாத ஜீவன்ங்க அது."

ராணி படிக்கட்டுக் கதவில் நின்றிருந்தாள். பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் வளைகாப்பில் கொடுத்த தாம்பூலப் பை. தெருவில் வரும்போதே புகையைப் பார்த்திருக்கிறாள். அருகில் வந்து அவன் கையிலிருந்த மணியை வாங்கி, சத்தம் எழாதபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மைனாவைக் கீழே அழைத்துப் போனாள். திரும்பி வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, சிதறிக் கிடந்த சிவப்புக் காகிதத் துணுக்குகளைப் பெருக்கி அள்ளினாள். அவன் அதே மூலையில் இருந்தான். வெயில் தாழ்ந்த பிறகு அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்கே வந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மணி கேட்டதும் நான் எங்க இருப்பேன்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா?" என்றாள்.

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரூம் கதவுக்கு வெளிய. தாப்பாவப் புடிச்சிக்கினு நிப்பேன். யாராவது வந்து பெல் அடிச்சிடக் கூடாது, கொழம்பு பொங்கிச் சத்தம் போட்டுடக் கூடாது. அவன் ஏரிக்கரப் பக்கம் திரும்புற வரைக்கும். எனக்கு ஒண்ணும் காட்டுல குண்டு வெடிக்கல. ஆனா அந்த மணி கேட்டா இப்பல்லாம் எனக்கும் வயித்தக் கலக்குது. செய்யாறு கோயில் திருவிழாவுல எவனோ சைக்கிள் மணி அடிச்சான், கைல இருந்த தேங்காயக் கீழ போட்டுட்டேன்." அவள் சிரிக்க முயன்றாள். "உள்ள நீங்களும் அவளும். வெளிய நான். ஒரு தடவ, ஒரே தடவ, நீயும் வான்னு கூப்ட்டிருந்தா வந்து உக்காந்திருப்பேன்."

"எடம் இல்லியே ராணி." அவன் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. சொன்னதும் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

"பீரோவ நவுத்தியிருக்கலாம்" என்றாள் அவள்.

ரயில் ஒன்று வேப்பம்பட்டு நிலையத்தில் நின்று கிளம்பிப் போனது. கூட்டம் இறங்கி வரும் சத்தம் மனைகளுக்கு மேலே பரவியது. அவள் பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அவரு எப்டிங்க இருப்பாரு?"

"யாரு?"

"உங்க திருமுருகன்."

இத்தனை வருடத்தில் அவள் கேட்டதில்லை. அவன் சொன்னதுமில்லை. குண்டு வெடித்தது, கூட இருந்த திருமுருகன் செத்தான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவன் சொல்ல வாயெடுத்தான். அந்தப் பாதையும் புல்லும்தான் முதலில் வரும் என்று பயந்தான். ஆனால் வந்தது வேறு. "சோத்த உருண்ட புடிச்சித்தான் சாப்புடுவான்" என்றான். "கரண்டியக் குடுத்தா வெச்சிடுவான். அந்த ஊர்ப் பருப்பு அவனுக்குப் புடிக்காது. ஏ பரந்தா, இதத் தின்னுட்டு எவம்ல சண்ட போடுவான்னு..." அந்த வட்டாரப் பேச்சு தன் நாக்கில் அப்படியே வந்து விழுந்ததில் அவன் திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டான். ராணி அவசரப்படுத்தவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, இருவரும் அதையே குடித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் மணி கேட்டபோது அவன் கால்கள் அவனைக் கேட்காமல் சந்துக்குள் கொண்டுபோய்விட்டன. கண்ணை மூடிக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் ராணி நிற்பாள் என்று இன்றைக்குத் தெரிந்திருந்தது. கூப்பிடலாம். கூப்பிட வாயைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கும் அசைவே இல்லை. தெருவில் ராணியின் குரல் கேட்டது. "மைனா! ஏய் மைனா, நில்லுடி!" அதோடு சேர்ந்து பஸ் ஹாரன், நீளமாக.

அவன் எப்படி வெளியே வந்தான் என்பது அவனுக்குப் பிறகும் தெளிவாகவில்லை. கேட் திறந்து கிடந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சாத்தாமல் போயிருக்க வேண்டும். ராணி நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட முடியாமல் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெகு முன்னால், தெரு பெரிய ரோட்டில் போய் முட்டும் இடத்தில், வேம்புலியின் சைக்கிள் திரும்பிக்கொண்டிருந்தது. கம்பில் குத்திய ரோஸ் நிறப் பைகள் காற்றில் ஆடின. அதன் பின்னால் மைனா, நடு ரோட்டில், அவசரமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கி ஓடியது. கல்லூரி பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தபடி வந்தது. மைனா ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. வேம்புலி பஸ்ஸைத்தான் பார்த்தானே தவிர நாயைப் பார்க்கவில்லை. வழி கேட்டு அவன் பங்குக்கு மணியை அடித்தான்.

பரந்தாமன் அந்த மணியை நோக்கி ஓடினான். உடம்பின் ஒவ்வொரு நரம்பும் திரும்பு, கீழே விழு என்று இழுத்தது. காது இரண்டிலும் மணி மட்டும்தான் இருந்தது. இதோ இப்போது, இதோ இப்போது என்று அவன் உள்ளங்கால்கள் தரை எழும்புவதற்குக் காத்தபடியே ஓடின. தரை தரையாகவே இருந்தது. அவன் மைனாவின் கழுத்துத் தோலைக் கொத்தாகப் பிடித்து, தன் எடையெல்லாம் சேர்த்துப் பின்னால் சாய்ந்தான். இருவரும் ரோட்டோர மண்ணில் உருண்டார்கள். பஸ் சூடான காற்றை அவர்கள் மேல் விசிறிவிட்டுக் கடந்துபோனது.

வேம்புலி சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடிவந்தான். "இன்னா சார், இப்டியா உடுவீங்க? பின்னாடி வந்துகினு கீதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது சார், சத்தியமா." பிறகுதான் அவன் பரந்தாமனை அடையாளம் கண்டுகொண்டான். எப்போதோ ராணி தெருமுனையில் நிறுத்திச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் கை தானாகப் போய் மணியின் குமிழைப் பொத்திக்கொண்டது. "அடிக்கல சார். இனிமே இந்தப் பக்கம் அடிக்கல."

ராணி வந்து சேர்ந்தாள். பேச மூச்சில்லை. சாக்கடைப் பாலத்துக் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்தாள். பரந்தாமனின் முழங்கையில் சிராய்ப்பு, மண், ரத்தம். அவன் ஒரு கையால் மைனாவைப் பிடித்தபடியே எழுந்து நின்றான்.

"பசங்க காத்துகினு இருப்பாங்களே" என்றான்.

"அது இருக்கட்டும் சார்."

"அடி" என்றான் பரந்தாமன்.

வேம்புலி ராணியைப் பார்த்தான். ராணி தலையை ஆட்டினாள். வேம்புலி ஒரு பையைப் பிரித்துக் கைநிறையப் பஞ்சுமிட்டாயைப் பிய்த்து மைனாவின் முன்னால் பிடித்தான். அது வாங்கிக்கொண்டது. பிறகு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, முதலில் தயங்கி ஒரு தட்டு, அப்புறம் வழக்கம்போல், மணியை அடித்துக்கொண்டு போனான்.

பரந்தாமன் கண்ணை மூடவில்லை. ராணி கட்டையில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். மணி ஏரிக்கரையில் ஏறி, புது வீடுகளுக்குப் பின்னால் போய், கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மைனா அவர்கள் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் போட்ட பஞ்சு கடிப்பதற்குள் கரைந்துவிட்டிருந்தது. இப்போதுதானே இருந்தது என்பதுபோல் அது மண்ணை மோந்தது, வேம்புலி நின்ற இடத்தை மோந்தது, பிறகு எதுவும் இல்லாத காற்றை நாக்கு நீட்டி நக்கிக்கொண்டே இருந்தது.